ஆளில்லாக் கடல் என்று ஒன்று இல்லை
(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் உரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 அன்று இந்த மேடையில் வழக்கமாக நில உரிமை பற்றிப் பேசுவோம், இட ஒதுக்கீடு பற்றிப் பேசுவோம், வன்கொடுமை வழக்குகளின் நிலை பற்றிப் பேசுவோம். இந்த ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கடலில் நிறுத்தத் திட்டமிடப்பட்டுள்ள எரிவாயு ஏற்றுமதிக் கப்பல்கள் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "நம் சேரிக்குத் தண்ணீர்க் குழாய் வரவில்லை, லூசியானா கடலுக்கும் நமக்கும் என்ன?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் முயற்சியே இந்த உரை.

பதிலின் முதல் பகுதியை இப்போதே சொல்லிவிடலாம். இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். அந்த வாயுவை நம் மக்கள் பாடப்புத்தகத்தில் மட்டும் அறிந்தவர்கள் இல்லை. மலக்குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடோடு சேர்ந்து தேங்கி நிற்கும் வாயு அது. மலக்குழி மரணங்கள் அதிகம் பதிவான மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு நிற்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்த பிறகும், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மலக்குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. அதே மீத்தேனைக் குளிரூட்டித் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றினால் அது உலகச் சந்தையின் சரக்கு. ஒரே பொருள் ஓரிடத்தில் ஒருவருக்கு லாபமாகவும், இன்னோரிடத்தில் இன்னொருவருக்குச் சாவாகவும் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கேட்பது சமூகவியலின் வேலை. தலித் இயக்கத்தின் வேலையும் அதுதான்.

திட்டம் என்ன?

டெல்ஃபின் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். இதை முன்வைக்கும் நிறுவனத்தின் தலைமையிடம் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரம். லூசியானாவின் தென்மேற்கு மூலையில் உள்ள கேமரன் பாரிஷின் கரையிலிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில், மெக்சிகோ வளைகுடாவில், எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலைகளைத் தாங்கிய பெரும் கப்பல்களை நிறுத்துவது திட்டம். பாரிஷ் என்றால் அந்த மாநிலத்தில் மாவட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பகுதி. கரையிலிருந்து வாயு கடலுக்குள் போவதற்குப் புதிதாக நீண்ட குழாய் போட வேண்டியதில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் கடலடி வாயுவைக் கரைக்குக் கொண்டுவரப் போடப்பட்ட பழைய குழாய்களிலேயே இப்போது எதிர்த்திசையில் வாயுவை அனுப்பலாம் என்பது கணக்கு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 கோடி டன் திரவ வாயு ஏற்றுமதி செய்வது இலக்கு.

மீத்தேனை மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் திரவமாகிறது. அப்போது அதன் கன அளவு ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் குழாய் இல்லாத கண்டங்களுக்கும் கப்பலில் அனுப்ப முடிகிறது. இவ்வளவு குளிர்ச்சியை உண்டாக்கப் பெரும் ஆற்றல் வேண்டும். வரும் வாயுவிலேயே ஒரு பகுதியை எரித்துத்தான் அந்த ஆற்றலைப் பெறுகிறார்கள்.

2015-இல் விண்ணப்பம் போட்டார்கள். 2017 மார்ச்சில் அமெரிக்கக் கடல்சார் நிர்வாகம் நிபந்தனைகளோடு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு ஏற்றுமதி அனுமதியும் கிடைத்தது. அதன் பிறகு முதலீடு சேரவில்லை, வடிவமைப்பு மாறியது, கெடு தேதிகள் திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டன. 2024 ஜனவரியில் பைடன் அரசு, தடையற்ற வணிக ஒப்பந்தம் இல்லாத நாடுகளுக்குப் புதிய வாயு ஏற்றுமதி அனுமதிகள் தருவதை நிறுத்திவைத்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றதும் அந்த நிறுத்தம் நீக்கப்பட்டது. 2025 மார்ச்சில் டெல்ஃபின் ஏற்றுமதியைத் தொடங்குவதற்கான கெடு 2029 ஜூன் வரை நீட்டிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நிறுவனம் ஒப்புதல் பெற்ற வேலையைப் பல ஆண்டுகள் தொடங்காமல் வைத்திருந்தாலும் அதன் உரிமை காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. நம் ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரச் சொல்லி மனுப் போட்டால் "ரொம்பக் காலம் கடந்துவிட்டது" என்கிறார்கள். காலம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

யாரும் இல்லாத இடம்

இந்தத் திட்டத்துக்குச் சாதகமாகச் சொல்லப்படும் முதல் வாதம், இது கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது, அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்பது. வீடு இடிக்க வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம், சதுப்பு நிலத்தைத் தூர்க்க வேண்டாம். கரையில் கட்டப்படும் ஆலைகளோடு ஒப்பிட்டால் இதில் உண்மை உண்டு என்பதையும் நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் "யாரும் இல்லாத இடம்" என்ற சொல்லை நாம் முதன்முதலாகக் கேட்கவில்லை. நம் வருவாய்த்துறை ஆவணங்களில் அதற்குப் புறம்போக்கு என்று பெயர். பட்டா இல்லாத இடம், வரி கட்டாத இடம், ஆகவே ஆள் இல்லாத இடம். மேய்ச்சலும் விறகும் நண்டும் நத்தையும் அங்கிருந்துதான் நம் அடுப்புக்கு வந்தன. நம் குடிசைகளும் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. காகிதத்தில் மட்டும் அங்கே யாரும் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதும் வரை, பறையர்கள் நிலம் கேட்டும் கிடைக்காமல் இருக்கிறார்கள் என்பதே அரசின் கண்ணில் ஒரு பிரச்சினையாகப் படவில்லை. 1892-இல் ஆணை வந்து ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பின்னர் யார் கைகளுக்குப் போயின என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும்.

கடலும் அப்படி ஒரு புறம்போக்காகவே ஆவணங்களில் வருகிறது. கடலில் கதவு எண் இல்லை. கேமரன் பகுதி மீனவர்கள் இறால் வலை இழுக்கும் கடலில் ஒரு தொழிற்சாலையை நிறுத்தினால் அதைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் வரும், வந்து போகும் சரக்குக் கப்பல்களுக்கு வழி விட வேண்டும், அடிவலை இழுப்பவர் சுற்றிப் போக வேண்டும். இதில் யாருடைய வீடும் இடிபடவில்லை என்பதால் யாருக்கும் இழப்பு இல்லை என்று ஆகிவிடாது.

கரையில் இருப்பவர்கள்

கேமரன் பாரிஷில் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 10,000 பேர் இருந்தார்கள். 2020-இல் அது 5,600 அளவுக்கு இறங்கிவிட்டது. இடையில் 2005-இல் ரீட்டா, 2008-இல் ஐக், 2020 ஆகஸ்டில் லாரா, அதே ஆண்டு அக்டோபரில் டெல்டா என்று புயல்கள். லாரா மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் கேமரன் அருகே கரை கடந்தது. லூசியானா 1930-களுக்குப் பிறகு இழந்த கடற்கரை நிலம் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர். ஆற்றுக்குக் கரை கட்டி வண்டலைத் தடுத்தது, எண்ணெய் நிறுவனங்கள் சதுப்பு நிலத்தை வெட்டிக் கால்வாய் போட்டது, கடல் மட்டம் ஏறுவது எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது.

மக்கள் வெளியேறிய அதே காலத்தில் வாயு ஆலைகள் உள்ளே வந்தன. 2016 பிப்ரவரியில் சபீன் பாஸ் ஆலையிலிருந்து ஏற்றுமதி தொடங்கியது. பிறகு கேமரன் ஆலை வந்தது. 2022-இல் கால்கசூ பாஸ் ஆலை வந்தது. டெல்ஃபின் கப்பல்கள் சொந்த இயந்திரத்தில் ஓடக்கூடியவையாகத் திட்டமிடப்பட்டவை. புயல் வந்தால் குழாயைக் கழற்றிவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடலாம். பொறியியல் நோக்கில் நல்ல ஏற்பாடு. ஊருக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கேமரன் பாரிஷின் மக்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். இறால் படகுக்காரர்களில் பலரும் அப்படித்தான். ஆகவே "கறுப்பர் ஊரில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்" என்ற ஒரே வரியில் இந்தக் கதை முடியாது. ஆனால் கேமரனிலிருந்து வடக்கே போனால் லேக் சார்ல்ஸ் நகரம். அதன் அருகே மோஸ்வில். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் உருவாக்கிய ஊர் அது. எந்த நகராட்சி எல்லைக்குள்ளும் சேர்க்கப்படாத ஊர். ஊருக்கு வெளியே சேரி என்பதன் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எல்லைக்குள் வராதவருக்கு அங்கே ஆலை வரலாமா கூடாதா என்பதில் வாக்கு இல்லை. மோஸ்வில்லைச் சுற்றி 14 தொழிற்சாலைகள் எழுந்தன. ஊர் மக்கள் 2005-இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையத்திடம் மனுப் போட்டார்கள். 2010-இல் அந்த மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. அதற்குப் பிறகு, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சாசோல் நிறுவனம் தன் ஆலையை விரிவாக்க வீடுகளை விலைக்கு வாங்க, ஊரே கலைந்தது.

கடலில் நிற்கும் கப்பல் இந்த வரைபடத்திலிருந்து தனித்து நிற்கவில்லை. அதற்கு வரும் வாயு நிலத்துக்கடியில் பாறையை உடைத்து எடுக்கப்படுகிறது, குழாய்கள் ஊர்களின் வழியே வருகின்றன, அழுத்தம் கொடுக்கும் நிலையம் கரையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கடைசிக் கண்ணி மட்டுமே கடலுக்குள் போகிறது.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

இந்தக் கேள்விகளைக் கேட்கும் மொழியை உருவாக்கியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். 1979-இல் ஹூஸ்டனில் ஒரு குப்பைக் கிடங்குக்கு எதிரான வழக்குக்காகச் சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட் கணக்கெடுத்தார். நகர மக்களில் கால் பங்கினரே கறுப்பர். ஆனால் மாநகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பைக் கிடங்குகளும் கறுப்பர் வசிக்கும் பகுதிகளில் இருந்தன. 1982-இல் வட கரோலினாவின் வாரன் கவுன்ட்டியில் நச்சு மண்ணைக் கொட்ட வந்த லாரிகளை மறித்து 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1987-இல் ஒரு கிறித்தவத் திருச்சபையின் இன நீதி ஆணையம் வெளியிட்ட ஆய்வு, நச்சுக் கழிவுக் கிடங்கு எங்கே அமைகிறது என்பதைத் தீர்மானிப்பதில் வருமானத்தையும் விட இனமே முக்கியக் காரணி என்று காட்டியது. சூழலியல் நீதி என்று இன்று நாம் சொல்லும் சொல்லின் வேர் இங்கே இருக்கிறது.

இந்த உறவு நமக்குப் புதிதும் இல்லை. 1946-இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கவிருந்த மனுவைப் பற்றி விசாரித்தார். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கம் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. சாதியும் இனமும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. தீட்டு என்ற கருத்து சாதிக்கு உரியது. ஆனால் யாருடைய வாசலில் கழிவு நிற்கலாம் என்று தீர்மானிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன.

கரையின் சம்மதம் வேண்டாத ஆலை

மிதக்கும் ஆலையில் புதிதாக இருப்பது என்ன? கரையில் ஆலை கட்ட நிலம் வேண்டும், சாலை வேண்டும், ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேண்டும். அந்த ஒவ்வொன்றிலும் மக்கள் குறுக்கே நிற்க ஓர் இடம் இருக்கிறது. சாலையை மறிக்கலாம், நிலத்தைத் தர மறுக்கலாம், வேலை நிறுத்தம் செய்யலாம். மிதக்கும் ஆலையைக் கொரியாவின் கப்பல் கட்டும் தளத்தில் செய்து கடல் வழியே இழுத்து வந்து நிறுத்திவிடலாம்.

இதன் பொருளை மொசாம்பிக் காட்டுகிறது. அந்நாட்டின் வடக்கே காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017 முதல் ஆயுதக் குழுவின் தாக்குதல்கள் நடந்து வருகின்றன. லட்சக்கணக்கானோர் அகதிகளானார்கள். 2021 மார்ச்சில் பால்மா நகரம் தாக்கப்பட்டது. கரையில் வாயு ஆலை கட்டிக்கொண்டிருந்த டோட்டல் எனர்ஜிஸ் நிறுவனம் ஏப்ரலில் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறியது. ஆனால் அதே மாகாணத்தின் கடலில், எனி நிறுவனத்தின் கோரல் சுல் என்ற மிதக்கும் ஆலை 2022 நவம்பரில் முதல் சரக்கை அனுப்பியது. கரை எரிந்துகொண்டிருந்தபோது கடலில் ஏற்றுமதி நடந்தது. அந்த வாயு முழுவதையும் வாங்கும் ஒப்பந்தம் பிரிட்டனின் பி.பி. நிறுவனத்திடம் இருக்கிறது. அகதி முகாமில் அடுப்பு எரிய அதில் ஒரு பங்கும் இல்லை. செனகல், மொரிட்டானியா எல்லைக் கடலில் 2025-இல் ஏற்றுமதி தொடங்கிய மிதக்கும் ஆலையைப் பற்றி, சென் லூயி நகரத்து மீனவர்கள் தங்கள் மீன்பிடி இடத்துக்குள் போக முடியவில்லை என்று சொல்லி வருகிறார்கள்.

சாதியச் சமூகத்தைப் படித்தவர்களுக்கு இது புரியும். உழைப்பைச் சார்ந்திருக்கும் வரைதான் ஆதிக்கம் ஓரளவாவது பேச்சுவார்த்தைக்கு வரும். தஞ்சையில் கூலிக்காரர் நடவை நிறுத்தினால் பண்ணையார் பேச வேண்டி வந்தது. நடவு இயந்திரம் வந்தபோது நம் கையில் இருந்த ஓர் ஆயுதம் மழுங்கியது. மிதக்கும் ஆலையும் அப்படித்தான். கரையின் உழைப்பும் நிலமும் தேவையில்லை என்றால் கரையின் குரலும் தேவையில்லை.

ஆனால் கரை வாயடைத்துப் போக வேண்டும் என்பது விதியும் இல்லை. அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டு ஆழ்கடல் துறைமுகச் சட்டப்படி, அருகில் உள்ள கடலோர மாநிலத்தின் ஆளுநர் மறுத்தால் உரிமம் தர முடியாது. அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். 2006-இல் லூசியானா ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ, மெயின் பாஸ் என்ற கடல் முனையத்தை மறுத்தார். அது இறக்குமதிக்கான முனையம். திரவ வாயுவைச் சூடாக்கக் கடல் நீரை உறிஞ்சி வெளியேற்றும் முறையில் மீன் முட்டைகளும் குஞ்சுகளும் அழியும் என்று மீனவர்கள் எழுப்பிய எதிர்ப்பே காரணம். நிறுவனம் அந்த முறையைக் கைவிட்டு வேறு வடிவமைப்போடுதான் திரும்பி வந்தது. சட்டத்தில் ஒரு கதவு இருந்தது, அதைத் தட்ட ஆட்களும் இருந்தார்கள்.

இங்கே அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை மூலம், கடலிலும் நிலத்திலும் எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடும் பணிகளைக் கீழ் வகைக்கு மாற்றி, மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று ஆக்கியது. அதே ஆண்டு வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியானது. எட்டாவது அட்டவணை மொழிகளில் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பாதிக்கப்பட்டவர் யார்?

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு திட்டம் வரும்போது "மீனவர் வாழ்வாதாரம்", "விவசாயி வாழ்வாதாரம்" என்று முழக்கம் எழுகிறது. நாமும் சேர்ந்து முழங்குகிறோம், முழங்கவும் வேண்டும். ஆனால் அந்தச் சொற்களுக்குள் நாம் இருக்கிறோமா என்றும் கேட்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் நடந்தது பதிவாகியிருக்கிறது. நிவாரண முகாம்களில் தலித்துகள் தனியே ஒதுக்கப்பட்டார்கள், தண்ணீரிலும் பாகுபாடு காட்டப்பட்டது. இழப்பீடு படகுக்கும் வலைக்கும் கணக்கிடப்பட்டது. படகு இல்லாதவர், மீன் கூடை சுமந்தவர், உப்பளத்தில் வேலை செய்தவர், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடித்தவர், கடலோர வயலில் கூலிக்குப் போனவர் ஆகியோர் கணக்கில் வரவில்லை, அல்லது கடைசியாக வந்தார்கள். கடல் அவர்களுடைய குடிசையையும்தான் அடித்துப்போனது.

2017-இல் நெடுவாசல் போராட்டம் நடந்தது. 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் ஆழ்துளைக் கிணற்றுக்கு நிலம் குத்தகைக்குப் போகும்போது பணம் பட்டாதாரருக்கு. அந்த வயலில் வேலை இழக்கும் பெண்ணுக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. லூசியானாவிலும் இதே நிலைதான் இருக்கும்: படகின் உரிமையாளருக்கு ஒரு விண்ணப்பம் இருக்கலாம், படகில் கூலிக்கு நிற்பவருக்கும் கரையில் இறால் தலை கிள்ளுபவருக்கும் இருக்காது. பாதிப்பைச் சொத்தால் மட்டும் அளந்தால் சொத்தில்லாதவருக்குப் பாதிப்பே இல்லை என்றுதான் விடை வரும்.

இதனால் மீனவச் சமூகங்களோடு சேரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. சேரும்போது, எங்கள் பெயரும் பட்டியலில் தனி வரியாக வேண்டும் என்று முதல் நாளே கேட்டுச் சேர வேண்டும் என்கிறோம். கேமரனின் வெள்ளை இறால் படகுக்காரரும் லேக் சார்ல்ஸின் கறுப்பின மக்களும் இதே சிக்கலோடுதான் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கிறது.

அண்ணலும் மின்சாரமும்

ஓர் எதிர்க்கேள்வி எப்போதும் வரும். அம்பேத்கர் தொழில்மயத்தை ஆதரித்தவர், கிராமத்தைப் புகழ மறுத்தவர், நீங்கள் மட்டும் ஏன் திட்டங்களை எதிர்க்கிறீர்கள்? இதை ஒதுக்கித் தள்ள முடியாது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, நீர்ப்பாசனத்துக்கும் மின் உற்பத்திக்கும் அடித்தளம் போட்டவர்களில் அவர் ஒருவர். குப்பைமேட்டு வாழ்வை இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று பாடும் சூழலியல் நமக்கு வேண்டாம். விறகு அடுப்பின் புகையில் இருமும் அம்மாவுக்கு எரிவாயு அடுப்பு விடுதலைதான்.

ஆனால் அவர் 1947-இல் எழுதிய "அரசுகளும் சிறுபான்மையினரும்" என்ற ஆவணத்தில் அடிப்படைத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டார். மின்சாரம் யாருக்கு, யார் கட்டுப்பாட்டில் என்ற கேள்வியிலிருந்து பிரிந்த தொழில்மயத்தை அவர் முன்வைக்கவில்லை. அந்தக் கேள்வியை இந்த வாயுவுக்குப் போட்டுப் பார்ப்போம்.

லூசியானாவின் வாயு நமக்கும் வருகிறது. கெயில் நிறுவனம் சபீன் பாஸ் ஆலையோடு ஆண்டுக்கு 35 லட்சம் டன்னுக்கு 20 ஆண்டு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. நீண்டகால ஒப்பந்தப்படி அமெரிக்காவிலிருந்து முதல் கப்பல் 2018 மார்ச்சில் மகாராஷ்டிராவின் தாபோலுக்கு வந்தது. நம் எண்ணூரில் 2019 முதல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவுள்ள திரவ வாயு இறக்குமதி முனையம் இயங்குகிறது. ஏற்கெனவே அனல்மின் சாம்பலும் எண்ணெய்க் கசிவும் சுமக்கும் அதே எண்ணூர். ஏற்றுமதிக் கரையும் இறக்குமதிக் கரையும் ஒரே சங்கிலியின் இரு முனைகள்.

ஏழை நாடுகளுக்கு எரிபொருள் தருகிறோம் என்பது ஏற்றுமதியாளர் வாதம். 2022-இல் உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பா அதிக விலை கொடுத்து வாங்கத் தொடங்கியதும் என்ன நடந்தது? பாகிஸ்தான் அந்த ஜூலையில் விட்ட டெண்டருக்கு ஒரு விற்பனையாளரும் வரவில்லை. அங்கே மின்வெட்டு. கப்பலில் போகும் வாயு விலை கூடிய துறைமுகத்துக்குத் திரும்பும். தேவை அதிகமுள்ள துறைமுகத்துக்குத் திரும்பும் என்று எந்த ஒப்பந்தமும் சொல்லவில்லை.

நிலக்கரியை விட நல்லது என்பது இன்னொரு வாதம். எரியும்போது வாயு குறைவாகக் கரியமிலம் விடுகிறது, உண்மை. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில், அதே எடைக் கரியமிலத்தை விட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹவார்த் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, எடுப்பதிலிருந்து எரிப்பது வரை கூட்டிப் பார்த்தால் அமெரிக்க ஏற்றுமதித் திரவ வாயு, 20 ஆண்டுக் கணக்கில், நிலக்கரியை விட 33 சதவீதம் அதிக வெப்ப விளைவு தரும் என்றது. தொழில்துறை இதை மறுக்கிறது, விவாதம் நடக்கிறது. ஆனால் 20 ஆண்டு என்பது நமக்குத் தூரத்துக் கணக்கு இல்லை. வெயிலில் கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவர்களின் வாழ்நாள் கணக்கு அது.

எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது

நாம் இலக்கிய அமைப்பு. ஆகவே கடைசியாக மொழி பற்றி.

திட்ட அறிக்கையையும் ஓர் எழுத்து வகையாக வாசிக்கப் பழக வேண்டும். அதில் கதைசொல்லி கண்ணில் படமாட்டார். "பாதிப்பு மிகக் குறைவு", "தற்காலிகமானது", "தணிக்கத்தக்கது" என்று வினைமுற்றுகள் இருக்கும், சொல்பவர் இருக்கமாட்டார். யாருக்குக் குறைவு, யார் அளந்தது, எந்த மாதம் அளந்தது என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் தேட வேண்டும். தலித் இலக்கியம் செய்தது இதைத்தானே? வாக்கியத்தில் இல்லாதவரைக் கொண்டுவந்து எழுவாயாக நிறுத்தியது.

மாணவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சில. உங்கள் மாவட்டத்தில் அடுத்து நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போங்கள். தமிழ்ச் சுருக்கத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஆங்கில அறிக்கையோடு ஒப்பிட்டு விட்டுப்போனதைக் குறியுங்கள். சொத்தில்லாதவரின் வேலையிழப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். விபத்து நடந்தால் வெளியேறும் வழி சேரியிலிருந்து எந்தச் சாலை என்று கேளுங்கள். அந்த வாயு எந்த ஆலைக்குப் போகிறது, நம் தெருவுக்கு எப்போது வரும் என்று கேளுங்கள். கூட்டத்தில் நம் பெண்கள் பேசுவதை அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதி எடுங்கள். அதிகாரிகளின் குறிப்பில் அது "சிலர் ஆட்சேபம் தெரிவித்தனர்" என்று சுருங்கிப் போகும். உங்கள் குறிப்பேட்டில் அது முழுதாக இருக்கட்டும். நாளை நீதிமன்றத்துக்கு ஆதாரமாகவும் நாவலுக்குப் பொருளாகவும் ஆகக்கூடியது அந்தக் குறிப்பேடுதான்.

1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் சவுதார் குளத்தின் நீரைக் கையில் அள்ளியபோது, அது பொதுக்குளம் என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. காகிதத்தில் பொது என்று எழுதியிருந்ததை நடைமுறையில் பொதுவாக்க மனிதர்கள் நடந்துபோக வேண்டியிருந்தது. கடலும் காற்றும் காகிதத்தில் இன்றும் பொதுச் சொத்துதான். லூசியானாவில் ஒரு கூட்டம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் நாகையிலும் நாம் கேட்க வேண்டும். தனித்தனியே கேட்டால் தொலைவில் உள்ள யாரோ என்று விட்டுவிடுவார்கள். ஆகவே இந்த ஆண்டு இந்த மேடையில் லூசியானாவைப் பற்றிப் பேசினோம்.